இருபது மீட்டர் சந்து

எங்கள் வீட்டிலிருந்து கடல் எழுநூறு எட்டு வைக்கும் தூரம். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை; சனி, ஞாயிறுகளில் அது நடையைவிட நீளும். 2001இல் வடநெம்மேலிக்குக் குடிவந்தபோது கடலுக்குப் போக நாலு வழி இருந்தது. சவுக்குத் தோப்புக்குள் ஆடு மேய்க்கிறவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை ஒன்று. மீன்கூடைக்காரப் பெண்கள் பஸ் பிடிக்க வரும் மண்பாதை ஒன்று. தாழம்புதர் ஓரமாக ஒரு வண்டித்தடம். நாலாவதைப் பாதை என்றே சொல்ல முடியாது. வேலி இல்லாததால் நடக்க முடிந்த வெட்டவெளி.

இப்போது இருப்பது ஒரு சந்து. இரண்டு ரிசார்ட்டுகளின் மதில்களுக்கு நடுவே போகிறது. வலது மதில்மேல் காகிதப்பூ சரிந்து கிடக்கும், இடது மதில்மேல் உடைத்துப் பதித்த கண்ணாடிச் சில்லு. நடுவழியில் ஏ.சி. வெளிப்பெட்டிகள் வரிசையாக நின்று முகத்தில் அனல் ஊதும். அதைத் தாண்டினால் சமையற்கட்டின் புகைபோக்கி. எந்த நேரத்திலும் வெண்ணெயில் பூண்டு வதங்கும் வாசம். மிகக் குறுகலான இடத்தில் என் காலடியால் அளந்தால் நாலரை எட்டு வருகிறது.

ரிசார்ட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளேயிருந்து எழுதுகிறார்கள். அறை எப்படி, மெத்தை எப்படி, காலை பஃபேயில் எத்தனை வகை என்று. நானும் உள்ளே போயிருக்கிறேன். உறவுக்காரர்கள் வரும்போது, கல்யாணங்களுக்கு, நண்பர்களின் அறுபதாம் ஆண்டு விழாக்களுக்கு என்று முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஏழெட்டு இடங்களில் தங்கியாயிற்று. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொரு பக்கமும் தெரியும். கடன் விண்ணப்பங்களில் "கடல் முகப்பு: இத்தனை மீட்டர்" என்று ஒரு வரி வரும். கட்டடம், நிலம், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு இணையாகக் கடலும் சொத்துக் கணக்கில் ஏறியிருக்கும். அந்த வரியில் டிக் போட்ட கை இது. ஆகவே நான் எழுதுவது முழுக்க வெளியாளின் பொருமல் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஆனாலும் ஒரு ரிசார்ட்டை அளக்க அதன் அறையைவிட அதன் பக்கத்துச் சந்து நல்ல அளவுகோல் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குப் பட்டது.

முதலில் வெயில் விஷயம். இந்தக் கரைக்கு ஆட்களை இழுப்பது வெயிலும் கடலும் என்றால், இரண்டையும் தவறான நேரத்தில் விற்கிறோம். விளம்பரப் படங்களில் ஒரு ஜோடி மணலில் நிற்க, கடலுக்குள் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். அது கோவாவிலோ கேரளத்திலோ எடுத்த படமாக இருக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும். மறைவது வயல் பக்கம், பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அப்பால். செக்-இன் மதியம் இரண்டு மணி. அப்போது மணலில் வெறுங்காலோடு பத்தடி வைக்க முடியாது. வெயில் தணிந்து நாலரைக்கு வெளியே வந்தால் கட்டடத்தின் நிழல் மணலைப் பாதி மூடியிருக்கும். இரவு முழுக்கக் கச்சேரி, ஆட்டம். கடல் தன்னை முழுசாகக் காட்டும் ஐந்தரை முதல் ஏழு வரையிலான நேரத்தில் அறைகளின் திரைச்சீலைகள் மூடிக் கிடக்கும். விருந்தினர்கள் எழுந்து பஃபே முடிவதற்குள் ஓடி, பதினொரு மணிக்குக் கணக்கை முடித்துக் கிளம்புகிறார்கள். கடலைப் பார்க்க வந்தவர்கள் கடலின் நல்ல நேரத்தைத் தூங்கிக் கழிக்க ஆயிரங்களில் பணம் கொடுக்கிறார்கள்.

கிழக்குக் கரையிடம் மேற்குக் கரைக்கு இல்லாத ஒன்று உண்டு. பௌர்ணமி மாலையில் பொழுது சாயும் நேரத்துக்கே நிலா கடலிலிருந்து எழும்பும், செம்பு நிறத்தில், தண்ணீர் சொட்டுவதுபோல. இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. நானறிந்து எந்த ரிசார்ட்டும் பௌர்ணமி பார்த்துக் கட்டணம் கூட்டியதில்லை. நீண்ட வார இறுதி பார்த்துத்தான் கூட்டுகிறார்கள்.

இந்தக் கரைக்கு விருந்தினர் வந்த கதை நீளமானது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் ஓவியர்களும் சேர்ந்து மணல்மேட்டில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கி வாழ வந்தவர்கள். பார்த்துவிட்டுப் போக வந்தவர்களுக்கு அதே ஊரில் வி.ஜி.பி. கோல்டன் பீச் வந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த இடம் என்றால் யார் என்ன செய்தாலும் சிரிக்காமல், அசையாமல் நிற்கும் சிலை மனிதர்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சுற்றுலா வந்த நாங்கள் கடலைப் பார்த்ததைவிட அவரைச் சிரிக்க வைக்க முயன்ற நேரமே அதிகம்.

கோவளத்தில் 70களில் தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் வந்தது. டச்சுக் கோட்டையின் இடிபாட்டின்மேல் எழுந்த ஹோட்டல் என்று சொல்வார்கள். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி நிலைத்தது இன்னும் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில். கோவளம் ஆற்காட்டு நவாபு காலத்துத் துறைமுகம். அதன் கோட்டையை 1752இல் கிளைவின் படை பிடித்தது. டச்சு என்றால் ஓவியமும் துலிப் பூவும் நினைவுக்கு வருவதால் விருந்தினருக்கு அந்தக் கதை பிடித்துப்போயிருக்கலாம். எப்படியானாலும் இந்திய அரசியலில் அந்த இடத்துக்கு ஒரு வரி எழுதப்பட்டுவிட்டது. 2019 அக்டோபர் 12 அன்று மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பேசியது அங்கேதான். மாமல்லபுரத்தில் மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திய கடற்கரை விடுதி, அரசு பங்கு விற்பனை நடந்த 2002இல் ஒரு நகைக்கடைக் குழுமத்துக்குப் போயிற்று. அதே ஆண்டில் இந்தச் சாலையில் சுங்கமும் வசூலிக்கத் தொடங்கினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகள்தான், ஆனால் என் மனதில் அவை ஒட்டியே கிடக்கின்றன. கரைக்கு வருகிறவன் அதற்கு முன்பு பயணி, அதற்குப் பிறகு வாடிக்கையாளர்.

இனி நல்லதைச் சொல்கிறேன். அது சின்ன விஷயமில்லை.

என் அக்கா கரிசல்காட்டுக்காரி. அறுபதை நெருங்கும்வரை கணுக்காலுக்கு மேல் கடல் நனைந்ததில்லை. ஒருமுறை பேரன் பேத்திகளோடு வந்தபோது பட்டிபுலம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கினோம். நீச்சல்குளத்தின் ஓரத்தில் பலகை: நைலான் நீச்சலுடை கட்டாயம், புடவை, சுடிதார், நைட்டியோடு இறங்கக் கூடாது. "இதென்ன கூத்து" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அன்று ராத்திரி யாருக்கும் தெரியாமல் பேத்தியை விட்டு கவுண்டரில் விற்ற, முழங்கால்வரை மூடும் உடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள். விடிகாலை ஆறு மணிக்கு, ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில் இறங்கி, கழுத்துவரை தண்ணீரில் ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மேலே ஏறி வந்தபோது அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "உடம்பு கனமே இல்லடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த ஒரு மணிநேரத்தை மெரினாவோ மாமல்லபுரத்துப் பொதுக்கரையோ அவளுக்குக் கொடுத்திருக்காது. நனைந்த புடவையோடு ஒரு பெண் எழுந்து வந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நாலு பேர் செல்போனைத் தூக்குவார்கள். உடை மாற்ற இடமில்லை. கழிப்பறை இருந்தால் தண்ணீர் இருக்காது. நம் கடற்கரைகளில் ஆண்கள் அரைக்கால் சட்டையோடு அலையில் புரள்வதையும் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓரத்தில் நிற்பதையும் பார்த்துப் பழகிவிட்டோம். அது இயற்கை என்றே நினைக்கிறோம். மதில் என்ற ஒன்று வந்த பிறகுதான் நிறையப் பெண்கள் முதல்முறையாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். மதிலைத் திட்டும்போதெல்லாம் அக்காவின் முகம் என் வாயை அடைக்கும்.

காதலர்கள் விஷயமும் இதோடு சேர்ந்தது. பொதுக்கரையில் இருட்டினால் போலீஸ் வந்து விரட்டும், பெயரும் அப்பா நம்பரும் கேட்கும். கதவு தாழிட்ட ஒரு அறை அவர்களுக்குக் கொடுப்பது கடல்காட்சியைவிடப் பெரிது. ஆனால் இந்த அடைக்கலத்தையும் எல்லா இடத்திலும் மனமுவந்து கொடுப்பதில்லை. கல்யாண போட்டோ கேட்கும் விடுதிகள் உண்டு. "லோக்கல் ஆதார்" என்றால் அறை தராத விடுதிகள் உண்டு. இதை நான் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது எங்கள் தெருவில் கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் போயிற்று. ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று மனைவியோடு பக்கத்து ரிசார்ட் ஒன்றுக்குப் போனேன். வரவேற்பறைப் பையன் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், அட்ரஸ் இந்த ஊரே போட்டிருக்கே. லோக்கல் ஐ.டி.க்கு ரூம் கொடுக்க மாட்டோம் சார், ரூல்ஸ்" என்றான். எனக்கு அறுபத்திரண்டு, மனைவிக்கு ஐம்பத்தெட்டு. சொந்த ஊரில் எங்கள் கற்பின்மேல் விழுந்த முதல் சந்தேகம் என்று மனைவி சந்து முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்தக் கரையில் தங்க வேண்டுமானால் இந்தக் கரைக்காரனாக இருக்கக் கூடாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

சரி, கடல் இருக்கும்போது எதற்கு நீச்சல்குளம்? வெளியூர்க்காரர்கள் கேலியாகக் கேட்கும் இந்தக் கேள்விக்கு விவரமான பதில் உண்டு. எங்கள் கரை குளிப்பதற்குத் தோதான கரை இல்லை. பத்தடி உள்ளே போனால் தரை சட்டென்று இறங்கும். அலை நுனியில் மடங்காமல் கரையிலேயே வந்து அறையும். திரும்பும் தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த கல்லூரிப் பையன்களையும் அது கொண்டுபோயிருக்கிறது. விடுமுறை முடிந்த திங்கட்கிழமைப் பேப்பரைப் பிரிக்கவே பயமாயிருக்கும். ஆகவே நாலடி ஆழக் குளம் கட்டி, அதற்கு ஒரு உயிர்காப்பாளரை நிறுத்துவது புத்திசாலித்தனம். என் குறை அதற்கு அடுத்த படியில். குளத்துக்கு ஆள் போட்டவர்கள் பின்வாசலுக்கு வெளியே, உண்மையில் ஆபத்து இருக்கும் இடத்தில், "சொந்தப் பொறுப்பில் இறங்கவும்" என்று பலகை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கடலை விற்றுக் காசு வாங்குகிறவர்களுக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்கும் கடமை இல்லையா?

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. சந்து முடியும் இடத்தில் ஃபைபர் படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து வலை பொத்தும் பெரியவரிடம் கேட்டால், இன்று ஓடுவது தெண்டியா வன்னியா, அதாவது நீரோட்டம் தெற்கிலிருந்தா வடக்கிலிருந்தா, எந்த இடத்தில் இறங்கினால் இழுக்கும், எங்கே மணல்திட்டு கட்டியிருக்கிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வார். எங்கள் கரையின் ரிசார்ட்டுகள் பாலியிலிருந்து குடையையும் கேரளத்திலிருந்து எண்ணெய் மசாஜையும் வரவழைத்தன. இருநூறு அடி தள்ளி இருக்கும் இந்த அறிவை விசாரிக்கவில்லை.

அதை வேறு யாரோ செய்துகாட்ட வேண்டியிருந்தது. கோவளத்தில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பலகையை எடுத்தார்கள். கட்டுமரத்தில் நின்று பழகிய ஊருக்குப் பலகையில் நிற்பது பெரிய தாவல் இல்லை. இப்போது அங்கே அலைச்சறுக்குப் பயிற்சி ஒரு தொழில். கற்றுக்கொடுக்கிற பையன்களே தண்ணீரில் மாட்டியவர்களை இழுத்துப் போடவும் செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில், இதே பெயருள்ள கேரளத்துக் கோவளத்தில் வளர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தக் கடலுக்கு நேர் எதிரே நீச்சல்குள நாற்காலிகள் அதற்கு முதுகைக் காட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தன என்பதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள்: குளத்தோரச் சாய்வு நாற்காலிகள் பல இடங்களில் குளத்தைப் பார்த்தே போடப்பட்டிருக்கும்.

இப்போது சட்டம். கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரியில் வந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது அலை அதிகபட்சம் ஏறும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. கடற்கரை ரிசார்ட்டுகளுக்கு என்று தனியாகவே ஓர் இணைப்பு உண்டு. உயரம் ஒன்பது மீட்டருக்குள், இரண்டு தளத்துக்குமேல் கூடாது, கரையோர 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. அதில் ஒரு வரியை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். மக்கள் கடலுக்குப் போக, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டும். 2011இல் அறிவிக்கையைத் திருத்தி எழுதியபோதும் அந்த வரி இருந்தது. 20 மீட்டர் என்றால் நாலு மாட்டுவண்டி பக்கம்பக்கமாகப் போகலாம். என் நாலரை எட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே வரியின் பின்பாதி இன்னும் வேடிக்கை. இந்த இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டுமாம். படித்துப் படித்துப் பார்த்தேன். 500 மீட்டருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எழுத வந்தவர் கைதவறி அதைவிட நெருக்கமாக இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டாரா, அல்லது தெரிந்தேதான் எழுதினாரா? வங்கி ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட வாக்கியங்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இரண்டாவதிலேயே சந்தேகம் அதிகம்.

2019 அறிவிக்கை கட்டடம் கூடாத தூரத்தை, ஜன நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள கிராமப்புறக் கரைகளில், 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் வீடு கட்டிக்கொள்ள வசதி என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அது உண்மையான தேவையும்தான். ஆனால் குப்பத்தில் ஒருவன் சிமெண்ட் மூட்டை வாங்கப் பணம் புரட்டுவதற்குள் யாருடைய கட்டடம் முதலில் எழும்பும் என்பதைக் கடன் பிரிவில் இருந்தவனிடம் கேட்க வேண்டியதில்லை. "பிரைவேட் பீச்" என்ற சொல்லுக்கோ எந்த அறிவிக்கையிலும் இடம் கிடையாது. ஓதம் ஏறி இறங்கும் மணல் அரசின் உடைமை, எல்லாருக்கும் பொது. இருந்தும் காவலாளி விசில் ஊதுவான். சட்டப் புத்தகத்தைவிட அந்த விசிலுக்கு நம் ஆட்கள் நன்றாகக் கட்டுப்படுகிறார்கள். கடலோரம் நடந்துவரும் குடும்பங்கள் தாமாகவே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மணலின் கதை சட்டத்துக்கும் கட்டுப்படாதது. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். நடுவில் கல்லைக் கொட்டித் தடுத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் தின்னும். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் 80களின் கடைசியில் வந்தபின் நகரத்தின் கடற்கரையே மறைந்து கருங்கல் வரிசையாக ஆனது பழைய பாடம். அதற்கும் வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு ஊரும் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்தடுப்பு, கேட்டு மனுப் போட வேண்டி வந்தது. எங்கள் தெற்குப் பக்கத்து ரிசார்ட் ஒன்று, பெயர் வேண்டாம், இரண்டு மழைக்காலத்துக்கு முன் தன் புல்தரையைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கல் கொட்டியது. புல்தரை தப்பித்தது. அடுத்த வருஷம் குப்பத்தில் படகு ஏற்றி வைக்கும் மணல்மேடு பாதி போயிற்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் அளவுக் கருவி இல்லை. வலை பொத்தும் பெரியவருக்கு அதில் சந்தேகமும் இல்லை. ஆனால் ரிசார்ட்காரர் கொட்டியது பத்து லாரி என்றால் துறைமுகங்களுக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் அரசு கொட்டியது ஆயிரம் லாரி. பழியை அளந்து பிரித்தால் பெரிய பங்கு அங்கேதான் போகும்.

ஆமைகள் விஷயத்திலும் இதே நியாயத்தோடு பேச வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ஓடும். ரிசார்ட் புல்தரையின் வெள்ளை விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் அழைக்கும். 1988 முதல் சென்னை மாணவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கரை நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். விளக்கை மஞ்சளாக்கி, தணித்து, கீழ்நோக்கித் திருப்ப ஆகும் செலவு ஒரு கல்யாணத்தின் பூ அலங்காரச் செலவுகூட வராது. செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பாராட்ட வேண்டும். அதே நேரம் 2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, விரல் நீண்டது இழுவைப் படகுகளின் வலைகளை நோக்கி. ஆமை கடலுக்குள் செத்தால் ரிசார்ட் விளக்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி போதும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் நாளுக்கு 10 கோடி லிட்டரோடு தொடங்கியது, பக்கத்திலேயே 15 கோடி லிட்டரில் இரண்டாவது 2024இல் வந்தது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போக, அதே சாலையில் எதிர்த்திசையில் டேங்கர் லாரிகள் ரிசார்ட்டுகளின் குளத்தை நிரப்ப வருகின்றன.

வேலை? கிடைக்கிறது, மறுக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அறை சுத்தம் செய்யவும் தோட்ட வேலைக்கும் போகிறார்கள். மீன்கூடை தூக்கிய தாயின் மகளுக்கு மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம், பி.எஃப்., நிழலில் வேலை. அவளிடம் போய்ப் பாரம்பரியம் பற்றிப் பேசினால் சிரிப்பாள். ஆனால் சீருடைக்கு ஒரு புவியியல் இருக்கிறது. வரவேற்பறையில் மணிப்பூரோ டேராடூனோ, சமையலில் வங்காளமோ ஒடிசாவோ, வாசல் காவலுக்கும் துடைப்பத்துக்கும் உள்ளூர். இருபது வருஷத்தில் உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தன் மேலாளராக உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு இடத்தில். மெனு அட்டையும் அப்படித்தான். வஞ்சிரம், கொடுவா, இறால் தவிர வேறு மீன் கடலில் இல்லை என்று நினைக்க வைக்கும். காரப்பொடி, கவலை, கிழங்கான், சங்கரா எல்லாம் சாலையோரத் தகரக் கொட்டகையில், எண்ணெய்ச் சட்டிக்கு மேல், ருசி தெரிந்த கார் டிரைவர்களுக்காகக் காத்திருக்கும். முதலாளிகள் உள்ளே வஞ்சிரம் சாப்பிடும் நேரத்தில் டிரைவர்கள் வெளியே நல்ல மீன் சாப்பிடுகிறார்கள்.

கல்யாணங்களைப் பற்றித் தனியே எழுதினால் ஒரு புத்தகம் வரும். எங்களுக்கு வடக்கே திருவிடந்தையில் நித்யகல்யாணப் பெருமாள். கல்யாணம் கூடிவர மாலை வாங்கிச் சுற்றுவார்கள். கூடிவந்ததும் நாலு கிலோமீட்டர் தெற்கே வந்து கடலோரப் புல்தரையில் மேடை போடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுதும் உள்ள விதி. ஸ்பீக்கரைக் கடல் பார்த்துத் திருப்பிவிட்டால் ஊருக்குக் கேட்காது என்பது டி.ஜே.க்களின் நம்பிக்கை. மூன்று மணிக்கு வலைக்குப் போக வேண்டியவன் பன்னிரண்டு மணிக்குக் கண்ணை மூடினால் எப்படி இருக்கும்?

இந்தக் கரையில் விடுமுறைக்கு வந்து தங்குவது ரிசார்ட்டோடு தொடங்கியது என்று நினைப்பவர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வர வேண்டும். வட மாவட்டங்களிலிருந்து இருளர்கள் பௌர்ணமிக்கு முன்னமே வந்து, கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் புடவையும் கம்பும் வைத்துக் குடில் போட்டுத் தங்குவார்கள். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி பிடித்து, பூ வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம், தாலிகட்டு எல்லாம் அங்கேயே. நிலா எழுவதையும் சூரியன் எழுவதையும் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். எங்கள் ஊர் முதலைப் பண்ணை வளாகத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தில் பழகிய ஒருவரிடம் வருஷா வருஷம் எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். "ஆத்தா கடல்ல இருக்கா, பாக்க வர்றோம்" என்றார். மதில் இல்லை, குளியலறை இல்லை, மூன்று நாள் கழித்துப் போனால் குப்பையும் கிடக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடலின் சரியான மணிநேரத்துக்குச் சரியாக வந்து நிற்கிற விருந்தினர்கள் இந்தக் கரையில் அவர்கள் மட்டும்தான்.

அக்காவுக்கு மதில் வேண்டும், இருளருக்குத் திறந்த மணல் வேண்டும். இரண்டையும் தரும் கரை முடியாத காரியமா என்றால் முழுக்க அப்படியும் இல்லை. கோவளம் பொதுக்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. உடைமாற்றும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, குளியல் குழாய், உயிர்காப்பாளர் எல்லாம் அந்தச் சான்றுக்கு வேண்டியவை. ஒரு பொதுக்கரையில் இவ்வளவு செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது. அக்கா அடுத்த முறை வரும்போது அங்கே அழைத்துப்போய்ப் பார்க்க வேண்டும். விடிகாலையில் என்றால் இறங்குவாள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் பௌர்ணமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சந்தின் கடல்முனையில் ஒரு இளஞ்ஜோடி தயங்கி நின்றது. ரிசார்ட்டின் பின்வாசலை ஏழு மணிக்குப் பூட்டிவிட்டார்களாம். விசாரித்தால் முன்வாசலுக்குச் சுற்றி வரச் சொல்கிறார்களாம், வழி தெரியவில்லை. கையில் அறைச் சாவி அட்டை, காலில் செருப்பில்லை. "இப்படி வாங்க" என்று முன்னால் நடந்தேன். செல்போன் வெளிச்சத்தில் மதிலையும் ஏ.சி. பெட்டிகளையும் பார்த்துக்கொண்டே வந்த பெண், "இப்படி ஒரு வழி இருக்கிறதே தெரியாதே அங்கிள்" என்றாள். குறுகலான இடத்தில் எதிரே ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்து நின்றது. பின்னால் மீன்பெட்டி, ஓட்டி வந்தது குப்பத்து அம்மா. நாங்கள் மூன்று பேரும் மதிலோடு ஒட்டிக்கொண்டாலும் வண்டி நுழைய இடம் போதவில்லை.

"பின்னால போ தம்பி," என்றாள், "ஐஸ் உருகுது."

மணல்வரைக்கும் பின்னால் நடந்துபோய் வழி விட்டோம்.